என் தொண்டையில் இருந்தது

ஒரு நிமிடம் ஊதாச் சாயம் நிற்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாகக் கடிகாரத்தைப் பார்க்காமல் எண்ணிப் பழகியவள் நான், இன்றைக்கு இருபத்து மூன்றில் எண்ணிக்கை அறுந்துபோய்விட்டது, மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று, இந்தக் கண்ணாடித் துண்டின் மேல் காய்ந்திருப்பது ஆமோஸின் முதுகுத்தண்டு நீர், ஆமோஸ் என் தம்பி ஆசீரின் மகன், ஏழு மாதம் முடிந்து ஆறு நாள், எட்டு, ஒன்பது, நேற்றே எடுத்திருக்க வேண்டிய நீர் இது, நேற்றைக்கு அவனுக்கு ரத்த அழுத்தமே இல்லை, வளைத்துப் பிடித்து முதுகில் ஊசி குத்தினால் அப்படியே போய்விடுவான் என்று டாக்டர் ரஹ்மத்துல்லா சொல்லிவிட்டார், இன்று காலை அழுத்தம் கொஞ்சம் நின்றதும் எடுத்து அனுப்பினார், சின்னக் குப்பியில் இருபது சொட்டு, கலங்கல், அரிசி கழுவிய மூன்றாம் தண்ணீர் மாதிரி. "நான் பாத்துக்கிடுதேன் மேடம், நீங்க மேல போங்க" என்றாள் பேச்சி. இந்த ஆய்வகத்தில் என்னைவிட மூன்று வருடம் மூத்த டெக்னீஷியன் அவள், அவள் போட்ட சாயத்தைக் குறைசொல்ல எனக்கே வாய் வராது, இருந்தும் குப்பியை அவள் கையிலிருந்து வாங்கிவிட்டேன், பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். எத்தனை எண்ணினேன். தெரியவில்லை. ஊதாவைக் கழுவுகிறேன். குழாயை மெல்லத் திறக்க வேண்டும், பலமாகத் திறந்தால் காய்ந்ததெல்லாம் போய்விடும், போனால் நல்லது, ஒன்றும் இல்லாத கண்ணாடியைப் பார்த்துவிட்டு மேலே போய் ஒன்றும் இல்லை என்று சொல்லலாம், சீ, என்ன நினைப்பு இது, ஒன்றும் இல்லாமல் அந்தப் பிள்ளையின் தொடையில் அத்தனை ஊதாப் புள்ளிகள் எப்படி வந்தன.

இப்போது அயோடின், இன்னொரு நிமிடம். புள்ளியைப் பற்றி ஆசீரின் மனைவி ஜெனிட்டாதான் முதலில் போனில் சொன்னாள், நேற்று வியாழக்கிழமை காலை பத்தேகால் மணி, நான் கல்லூரியில் இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன், எதைப் பற்றி, காசநோயைப் பற்றி, போன் அதிர்ந்தது, எடுக்கவில்லை, மறுபடி அதிர்ந்தது. "மைனி, ஆமோஸுக்குக் காலைலருந்து காய்ச்சல். பால் குடிக்க மாட்டேங்கான். தூக்கினா கத்துதான், கீழ போட்டா சும்மா கெடக்கான்." தூக்கினால் கத்துகிறான், கிடத்தினால் சும்மா கிடக்கிறான், பிள்ளைகள் இதற்கு நேர்மாறாக அல்லவா இருக்கும். "மேல எதும் புள்ளி இருக்கா பாரு" என்றேன். "கொசுக்கடி மாதிரி நாலஞ்சு இருக்கு மைனி, தொடைல." "கண்ணாடி டம்ளர் எடுத்து அது மேல வச்சு அழுத்து. செவப்பு மறையுதா பாரு." டம்ளர் தேடும் சத்தம், அலமாரி திறக்கும் சத்தம், வீட்டில் எல்லாம் எவர்சில்வர், கடைசியில் கல்யாணத்துக்கு வந்த ஜூஸ் டம்ளர் ஒன்றை எடுத்தாள். "மறையல மைனி." அவள் குரலில் பயமே இல்லை. டம்ளர் வைத்ததும் சரியாகச் சொல்லிவிட்டோம் என்ற திருப்திதான் இருந்தது, ஒன்றாம் வகுப்பு டீச்சர் அவள், கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறவள். மறையவில்லை என்றால் தோலுக்கடியில் ரத்தம் கசிகிறது. வகுப்பில் அறுபது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோ பிடி, வண்டியில் வராதே, ஆட்டோ பிடி, நேரே இங்கே வா, வழியில் எந்த டாக்டரிடமும் நிற்காதே என்று நான் கத்தியது பக்கத்து வகுப்புவரை கேட்டதாம். அவர்கள் வந்து சேர்வதற்குள் நாலைந்து புள்ளி நாற்பதாகியிருந்தது. முதல் ஊசி போகும்போது மணி பதினொன்று ஐந்து. ஐம்பது நிமிடம். போன் முதல்முறை அதிர்ந்தபோதே எடுத்திருந்தால் நாற்பத்தேழு.

ஆல்கஹாலில் ஊதா வழிந்து இறங்குகிறது, போதும், நிறுத்து, இனிச் சிவப்பு. இந்தக் கிருமியை எனக்குத் தெரியும். ஊரில் வேறு யாரையும்விட எனக்குத் தெரியும், அதுதான் என் வேலை, அதுதான் என் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள், மெனிங்கோகாக்கஸ், மூளைக்காய்ச்சல் கிருமிகளிலேயே அவசரக்காரன் என்று மாணவர்களிடம் சொல்வேன், காலையில் காய்ச்சல், மாலையில் பிணம். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் நர்சிங் விடுதியில் இசக்கியம்மாள் என்ற பெண் அப்படித்தான் போனாள், பத்தொன்பது வயது, தென்காசிப் பக்கத்துப் பெண், பதினாலு மணி நேரம். அதற்குப் பிறகுதான் இந்த ஆய்வை ஆரம்பித்தேன். விடுதிப் பெண்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேரின் தொண்டைக்குள் பஞ்சுக் குச்சியை விட்டு, அங்கே இந்தக் கிருமி குடியிருக்கிறதா என்று பார்ப்பது, எத்தனை பேரிடம் இருக்கிறது, எந்த வகை, எத்தனை மாதம் தங்குகிறது, எந்தத் தடுப்பூசி இவர்களுக்குப் பயன்படும். கிருமி தொண்டையில் இருப்பதனாலே அது நோய் இல்லை. பத்துப் பேரில் ஒருவரின் தொண்டையில் அது பாட்டுக்கு இருக்கும், சில மாதம் இருந்துவிட்டுப் போய்விடும், அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. எப்போதாவது, ஆயிரத்தில் ஒரு தடவையோ லட்சத்தில் ஒரு தடவையோ, ஒருவர் தொண்டையிலிருந்து இன்னொருவர் தொண்டைக்குப் போய், அங்கிருந்து ரத்தத்தில் இறங்கிவிடும். ஏன் இறங்குகிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. நாற்பத்தேழு பெண்களிடம் இருந்தது. அவர்களோடு சேர்த்து, பழகிக்கொள்வதற்காக ஆய்வகத்தில் நாங்கள் ஏழு பேரும் ஒருவர் தொண்டையில் ஒருவர் குச்சி விட்டு எடுத்தோம், கணக்கில் சேராத ஏழு, எல்-1, எல்-2 என்று எழுதி வைத்தோம். எல்-7 நான். நாலு வாரத்துக்கு முன்னால் பேச்சி கிருமி வளர்த்த தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டிச் சிரித்தாள். "மேடம், உங்க வீட்டுக்கும் குடி வந்துட்டாவளே." நானும் சிரித்தேன். சி வகை. வாடகை எவ்வளவு கேக்கலாம் பேச்சி என்றுகூடக் கேட்டேன். மருந்து சாப்பிடவில்லை. சாப்பிடத் தேவையில்லை, கிருமியைத் தாங்குகிறவர்களுக்குச் சும்மா மருந்து கொடுக்கக் கூடாது, கொடுத்தால் நாளைக்கு மருந்து வேலைசெய்யாமல் போகும், உலகம் முழுக்க இதுதான் நடைமுறை, எங்கள் ஆய்வுக்கு இந்த விதியை எழுதியதும் நான்தான், நாற்பத்தேழு பெண்களிடம் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொன்னவளும் நான்தான், எனக்கு மட்டும் தனி விதியா. சரியாகத்தான் செய்தேன். எந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாலும் நான் சரி. சரி, சரி, சரி, மேலே ஐந்தாவது படுக்கையில் அவன் மூக்குக்குள் குழாய்.

இசக்கியோடு அறையில் இருந்த பெண் சுபத்ரா. இசக்கியைக் கொண்டுபோன மூன்றாம் நாள் என் அறைக்கு வந்து நின்றாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "மேடம், நாந்தான் குடுத்தேனா? ரெண்டு பேரும் ஒரே பாட்டில்ல தண்ணி குடிப்போம்." நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறது, அந்த வார்த்தைகளை அதற்குப் பிறகு எத்தனையோ விடுதிகளில் எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், அப்படி யோசிக்கவே கூடாதும்மா, இது யார் தப்பும் இல்லை, காற்று மாதிரி, கிருமி இருப்பது பாவமும் இல்லை குற்றமும் இல்லை. அத்தனையும் உண்மை. அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு, "ஆனா குடுத்தேனா?" என்றாள். அவள் கேட்டது அதுதான், தப்பா இல்லையா என்று அவள் கேட்கவேயில்லை, கொடுத்தேனா இல்லையா. அந்த மாதமே படிப்பை விட்டுப் போய்விட்டாள். நான் அதை அறிக்கையில் ஒரு வரியாகக்கூட எழுதவில்லை, மனோதத்துவத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம். இப்போது அவள் எங்கே இருக்கிறாள், கல்யாணம் ஆகியிருக்குமா, யாருக்காவது தண்ணீர் பாட்டிலை நீட்டுவாளா.

சிவப்புச் சாயத்தையும் கழுவியாகிவிட்டது, தாளில் ஒற்றியெடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம் என்றால் அதுதான் வருகிறது, வெள்ளைச் சட்டை, சட்டையை விட நீளமான வெள்ளைத் துணி, ஆமோஸின் ஞானஸ்நானம், எட்டு வருடம் காத்திருந்து இரண்டைப் பறிகொடுத்துப் பிறந்த பிள்ளை, ஞானத்தாய் நான், வேறு யாராக இருக்க முடியும், ஆசீருக்கு நான் ஒரே அக்கா, பதினோரு வயது மூத்தவள், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, இந்தப் பிள்ளைக்கு ஒரு பெரிய மனுஷியாக நிற்க எனக்கு அப்படி ஒரு ஆசை. சபை ஐயர் தண்ணீர் ஊற்றும்போது அழவே இல்லை. கோயிலைவிட்டு விருந்து மண்டபத்துக்கு வந்ததும் என் இடுப்பில் உட்கார்ந்து என் வாய்க்குள் விரலை விட்டான். அது அவன் விளையாட்டு, யார் தூக்கினாலும் வாய்க்குள் விரலை விட்டுப் பல்லைத் தடவிப் பார்ப்பான், அவனுக்குப் பல் இல்லாததால் பல் பெரிய அதிசயம், என் கீழ்ப்பல்லைப் பிடித்து இழுத்துவிட்டு அதே விரலைத் தன் வாயில் போட்டுச் சப்பினான். மறுபடியும் என் வாய். மறுபடியும் அவன் வாய். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, மண்டபத்துப் புழுதி, தும்மல் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன், ஒரு தடவை திருப்பவில்லை. எல்-7 ஞாபகத்துக்கு வந்ததா? இதைத்தான் நேற்றிலிருந்து தோண்டிக்கொண்டிருக்கிறேன். வந்தது. ஒரு கணம், அவன் விரலைச் சப்பும்போது, மின்னல் மாதிரி, தட்டும் பேச்சியின் சிரிப்பும். பத்தில் ஒருவர், என்று மனசு உடனே சொன்னது, இந்த மண்டபத்தில் நூற்றிருபது பேர் இருக்கிறார்கள், பன்னிரண்டு பேர் தொண்டையில் இருக்கும், நீ ஒருத்தி இறக்கிவிட்டு என்ன ஆகப்போகிறது. இறக்கவில்லை. அந்தக் கனம் இடுப்பில் நன்றாக இருந்தது. போன மாதம் ஜெனிட்டா கேட்டாள், "மைனி, நீங்க ஆராய்ச்சி பண்ணுதீங்கள்லா, அந்தக் காய்ச்சலுக்கு ஊசி இருக்காமே, இவனுக்குப் போடணுமா?" ஒன்பது மாதம் ஆகட்டும், அதற்கு முன்னால் இங்கே கிடைக்கிற ஊசி போட மாட்டார்கள், அவசரம் ஒன்றும் இல்லை என்றேன். அதுவும் சரியான பதில்தான். என்னிடம் எல்லாமே சரியான பதில்கள்.

நுண்ணோக்கியில் கண்ணை வை. வைக்கிறேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, இளஞ்சிவப்பு மூட்டம், திருகைத் திருப்பத் திருப்ப வெள்ளணுக்கள் தெளிகின்றன, எத்தனை வெள்ளணுக்கள், அந்தச் சின்ன உடம்பு இருந்த ஆட்களையெல்லாம் அனுப்பியிருக்கிறது. மருந்து போய் இருபத்து மூன்று மணி நேரம் ஆகிறது, உயிரோடு எதுவும் இருக்காது, வளர்த்தால் வளராது, ஆனால் செத்ததும் சாயத்தைக் குடிக்கும். கண்ணாடியை நகர்த்துகிறேன். இல்லை. நகர்த்துகிறேன். இல்லை. ஆண்டவரே இல்லை என்றே இருக்கட்டும், வேறு ஏதாவது, வேறு எந்தக் கிருமியாவது, அதனால் பிள்ளைக்கு ஒரு லாபமும் இல்லை என்று தெரிந்தே கேட்கிறேன், எனக்காகக் கேட்கிறேன், இந்த நேரத்திலும் எனக்காக. அங்கே. ஒரு வெள்ளணுவின் வயிற்றுக்குள், இரண்டு இரண்டாக, இரண்டு அவரைக்கொட்டைகள் முகத்தோடு முகம் வைத்துப் படுத்த மாதிரி, ஒரு ஜோடி, இன்னொரு ஜோடி, பக்கத்து அணுவில் நாலு ஜோடி. நூறு தடவை இதைப் பார்த்து எவ்வளவு அழகு என்று மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன். பேச்சி என் தோளுக்குப் பின்னால் நின்றாள், எழுந்து இடம் விட்டேன், பார்த்தாள், சோதனை அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். வகை பார்க்க வேண்டும். அட்டையில் நாலு வட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நீர், ஒரு சொட்டு மருந்து, குச்சியால் கலக்கி அட்டையை மெல்ல ஆட்ட வேண்டும், எந்த வட்டத்தில் பால் திரிந்தமாதிரி துகள் கட்டுகிறதோ அந்த வகை. ஆட்டுகிறேன். ஏ வட்டம் பாலாகவே இருக்கிறது. பி, பால். கடைசி வட்டமும் பால். சி வட்டத்தை நான் பார்க்கவில்லை, கண் அதைச் சுற்றிச் சுற்றிப் போகிறது, அதன்மேல் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. "சி, மேடம்" என்றாள் பேச்சி.

சி என்றால் நான் என்று அர்த்தம் இல்லை. பொறுமையாக யோசி. சி வகை எத்தனையோ பேரிடம் இருக்கும், ஒன்றுதானா என்று தெரிய மரபணு பார்க்க வேண்டும், அதை இங்கே பார்க்க முடியாது, வெளியூருக்கு அனுப்பினால் ஆறு வாரம், எட்டு வாரம், அப்போதும் அவனிடமிருந்து எனக்கு வந்ததா என்னிடமிருந்து அவனுக்குப் போனதா என்று, முட்டாளே, உன்னுடையது நாலு வாரம் முந்தியது. நடந்தது நடந்துவிட்டது, யாரிடமிருந்து என்பதால் மருந்து மாறப்போவதில்லை. நேற்றே ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தொட்டுத் தூக்கிய அத்தனை பேரையும் பட்டியல் போட்டு, போனில் கூப்பிட்டு, பெரியவர்களுக்கு மாத்திரை, பிள்ளைகளுக்கு மருந்து எல்லாம் கொடுத்தாகிவிட்டது, பட்டியலில் என் பெயரையும் எழுதி நானும் விழுங்கினேன், தொட்டவர்களில் ஒருத்தியாக. மருத்துவரீதியில் இனி யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பிரிசில்லா இல்லாமல் இருந்திருந்தால். ஜெனிட்டாவின் அக்கா பிரிசில்லா தூத்துக்குடியிலிருந்து சளியோடு வந்திருந்தாள், மண்டபத்தில் இருமிக்கொண்டே பிள்ளையை மடியில் வைத்திருந்தாள், அதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நேற்றுச் சாயங்காலம் வராந்தாவில் ஆசீர் என் முன்னால்தான் அவளிடம் போனில் சொன்னான். "நீங்க இங்க வர வேண்டாம். எம்புள்ளைய இந்தக் கெதிக்கு ஆக்கினது போதும்." ஜெனிட்டா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வேண்டாம் என்று அவனைத் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. அது சாதாரணச் சளிடா, இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் ஊரில் உண்டா, வாயைத் திறந்தேன், திறந்தால் அடுத்த கேள்வி வரும், அப்ப யார்ட்டருந்துக்கா, மூடிக்கொண்டேன். இப்போது இந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிரே பஸ் நிறுத்தம், அதில் பிரிசில்லா உட்கார்ந்திருக்கிறாள், பச்சைச் சேலை, காலை ஏழரைக்கு நான் வரும்போதும் அங்கேதான் இருந்தாள், மடியில் ஒரு ஃபிளாஸ்க், எந்த பஸ்ஸுக்கும் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்து எழுந்து, "அண்ணி, உள்ள போய்ட்டு எப்பிடி இருக்கான்னு மட்டும் சொல்லுவியளா" என்றாள். சொல்லுகிறேன் என்று வந்தேன்.

குளிர்பெட்டியைத் திறக்கிறேன், மைனஸ் எழுபது டிகிரிக் குளிர் முகத்தில் அடிக்கிறது, கையுறை போடாமலே மூன்றாவது தட்டை இழுக்கிறேன், நாற்பத்தேழு பெண்களின் கிருமி உறைந்த குப்பிகள், அதற்குப் பின்னால் ஏழு, அதில் கடைசி. விரலில் ஒட்டிக்கொள்கிறது, தோல் எரிகிறது. இவ்வளவுதான். சுண்டுவிரல் பாதி. இதைக் கிருமி கொல்லும் கொதிகலத்தில் போட்டு இருபது நிமிடம் வைத்தால் எல்-7 என்று ஒருத்தி இல்லை, கணக்கில் சேராத ஏழில் ஒன்று, யார் கேட்கப்போகிறார்கள், வெளியூருக்கு அனுப்ப ஒன்றும் இருக்காது, ஒப்பிட ஒன்றும் இருக்காது, நானே நினைத்தாலும் தெரிந்துகொள்ள முடியாது, தெரிந்துகொள்ள முடியாது என்பது எவ்வளவு பெரிய ஆறுதல். "என்ன தேடுதீங்க மேடம்?" பேச்சி கதவருகில் நின்றாள். கையில் இருப்பதைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்தாள். "மேடம், நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். எம்புள்ளைங்க மேல சத்தியமா. அந்த ஏழும் நாம வெளாட்டுக்கு எடுத்தது. நோட்டுல அந்தப் பக்கத்த இப்பவே கிழிச்சிருதேன்." அவள் கண்ணில் அவ்வளவு பிரியம். எனக்காகத் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்கிறாள். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை, இனி இருக்கிற காலமெல்லாம் இவளும் நானும் இந்த அறையில் எதிரெதிரே உட்கார்ந்து தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்போம், அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள், தினமும் பேசாமல் இருப்பாள், நான் தினமும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். "கிழிக்காத பேச்சி" என்றேன். குப்பியை இருந்த இடத்தில் வைத்தேன். விரல்நுனியில் தோல் கொஞ்சம் அதோடு போயிற்று. "மரபணு பாக்க அனுப்பணும். ரெண்டையும். எல்-7 யாருன்னு படிவத்துல எம்பேர எழுது."

ஆய்வகத்திலிருந்து பிள்ளைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு முற்றமும் இரண்டு மாடியும். லிஃப்டில் போனால் சீக்கிரம் போய்விடுவேன், படியில் ஏறுகிறேன், பதினொன்று, பன்னிரண்டு, இப்போது எண்ணிக்கை அறுபடவில்லை. எப்படிச் சொல்வது. ஜெனிட்டா, ஒரு விஷயம். ஜெனிட்டா, கிருமி என்றால் பத்துப் பேரில் ஒருவருக்கு. இல்லை, அப்படி ஆரம்பித்தால் அது கூட்டத்தில் பேசுவது, நான் முதலில் என்னைக் காப்பாற்றிக்கொண்டு அப்புறம் சொல்வது. இவர்களுக்கு இப்போது இதைச் சொல்வதே என் சுமையை இறக்கிவைக்கத்தானா, பிள்ளை பிழைப்பானா என்று தெரியாமல் நிற்கிறவர்கள் தலையில் இன்னொரு பாரமா, பொறுத்திருந்து அவன் வீட்டுக்கு வந்தபிறகு, வராவிட்டால், வராவிட்டால் என்றுமே சொல்ல முடியாது, இருபத்திரண்டு, இருபத்து மூன்று, ஆசீர் என்னை அடிப்பானா, சின்ன வயதில் அவனைக் குளிப்பாட்டியிருக்கிறேன், அடித்தால் நன்றாக இருக்கும். மாடிப்படியின் திருப்பத்தில் நின்று பிரிசில்லாவுக்குப் போன் போட்டேன். மேல வாங்க என்றேன். "அவுங்க ஏசுவாங்க அண்ணி" என்றாள். ஏச மாட்டார்கள், நான் பேசிக்கொள்கிறேன், வாங்க என்றேன். போனை வைத்தபிறகுதான் தெரிந்தது, இனித் திரும்ப முடியாது, அவள் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருப்பாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் ஜெனிட்டா, சட்டையெல்லாம் பால் கட்டி நனைந்து, அதன் மேல் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். ஆசீர் தரையில் உட்கார்ந்திருந்தான், என்னைப் பார்த்ததும் எழுந்தான். "என்னக்கா, ரிசல்ட் வந்துட்டா?" வந்துவிட்டது, அந்தக் கிருமிதான், போட்டுக்கொண்டிருக்கிற மருந்து சரியான மருந்து என்றேன். அவன் பெருமூச்சு விட்டு மறுபடி உட்காரப் போனான். "ஆசீரு, நில்லு. பிரிசில்லா கிட்டருந்து வரல. அவளுக்கு இருந்தது வெறும் சளி. இந்தக் கிருமி என் தொண்டைல இருந்துச்சு. நாலு வாரத்துக்கு முன்னாலயே எனக்குத் தெரியும். அதே வகை. என் கிட்டருந்துதான் வந்திருக்கும்." வேறு வார்த்தைகள் நிறைய வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. வந்திருக்கும் என்றா சொன்னேன், வந்தது என்றா. ஆசீருக்குப் புரியவே இல்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், அக்கா என்னமோ அலுப்பில் உளறுகிறாள் என்கிற மாதிரி. ஜெனிட்டாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் நாற்காலியிலிருந்து எழவில்லை.

"தெரிஞ்சுதான் தூக்குனீங்களா மைனி?"

"ஆமா."

"வாய்க்குள்ள வெரல விட்டானே. நான் அப்ப ஃபோட்டோ எடுத்தேனே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"மாத்திர எதும் சாப்ட்டிருந்தீங்களா?"

"இல்ல. சாப்பிட வேண்டியதில்லன்னு..." அதற்கு மேல் போகவில்லை. ஆசீர் சுவரில் கையை ஊன்றி நின்றான், அடிக்கவில்லை, ஏசவில்லை, "அக்கா" என்றான், மறுபடியும் "அக்கா" என்றான், கூப்பிடுகிறானா அழுகிறானா தெரியாத குரலில். ஜெனிட்டா முன்னுக்கும் பின்னுக்கும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தாள், மடியில் பிள்ளை இருக்கிறமாதிரி. மாடிப்படியில் பிரிசில்லாவின் பச்சைச் சேலை தெரிந்தது, பாதிப் படியிலேயே தயங்கி நின்றாள். ஜெனிட்டா அவளைப் பார்த்தாள். "அக்கா" என்று கையை நீட்டினாள். அப்போதுதான் அவள் அழுதாள். நேற்றிலிருந்து இப்போதுதான்.

கதவு திறந்து டாக்டர் ரஹ்மத்துல்லா வெளியே வந்தார். என்னைப் பார்த்துத்தான் பேசினார், ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் பேசுகிற சுருக்கமான மொழியில், பாதி ஆங்கிலத்தில், மருந்துகளின் பெயரும் எண்களுமாக. அழுத்தத்தை ஏற்றும் மருந்தைக் காலையிலிருந்து பாதியாகக் குறைத்திருக்கிறார், நிற்கிறது, சிறுநீர் வந்திருக்கிறது, கண் திறந்தான். இடது காலைப் பற்றியும் சொன்னார். சொல்லிவிட்டு, ஒரு கையெழுத்து வேண்டும், பிறகு வருகிறேன் என்று உள்ளே போய்விட்டார். ஜெனிட்டா முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், என்னைப் பார்க்காமல், எங்கள் இருவருக்கும் நடுவே தரையைப் பார்த்து. "அவர் என்ன சொன்னாரு? எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க சொல்லுங்க."

நான்தான் சொல்ல வேண்டும். வேறு யாரும் இல்லை. "பொழச்சிருவான்" என்றேன். ஆசீர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "பொழச்சிருவான் ஜெனிட்டா. ஆனா எடது கால் வெரலுக்கு ரத்தம் போகல. கறுத்துட்டு. அது திரும்ப வராது. கொஞ்ச நாள் பாத்துட்டு எடுத்துருவாங்க."

"எத்தன வெரல்?"

"அஞ்சும்."

"நடப்பானா?"

"நடப்பான். கொஞ்சம் பிந்தி நடப்பான். ஷூ போட்டா வெளிய தெரியாது."

"இது நெசமா, இல்ல என்னைத் தேத்துறதுக்கா?"

"நெசம்."

தலையை ஆட்டினாள். பிரிசில்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், துப்பட்டாவை இழுத்து இறுக்கிக்கொண்டாள். இரண்டு பேருக்குத்தான் உள்ளே அனுமதி, ஆசீரைப் பார்த்தாள், நீங்கள் போங்கள் என்று அவன் கையை அசைத்தான். கதவு வரை போனவள் நின்றாள். "மைனி, நீங்க போயிராதீங்க. டாக்டர் மறுபடி வந்து பேசினா எனக்குப் புரியாது. புரியுற மாதிரி சொல்ல நீங்க வேணும்." கதவின் கைப்பிடியில் கை இருந்தது. "ஆனா அதத் தவிர எங்கிட்ட எதும் பேசாதீங்க."

சரி என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், தலையை மட்டும் ஆட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை, உள்ளே போய்விட்டாள். காலியாக இருந்த மூன்று நாற்காலியில் எதில் உட்காருவது என்று தெரியாமல், டாக்டர் வரும் வரைக்கும், கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தேன்.